எட்டு விநாடி இரைச்சல்

எதிரியின் விமானந்தாங்கிக் கப்பல்கள் இரண்டு பசிபிக் சமுத்திரத்தின் அடியில் கிடக்கின்றன என்று காந்திமதிநாதன் சொல்லச் சொல்ல, அவன் தங்கை ஆவுடையம்மாள் அதைப் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தாள். அவன் இருந்தது கிழக்கே, கடலுக்கு அப்பால், ஜப்பான்காரன் பிடித்துவைத்திருந்த ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு மைக்குக்கு முன்னால். அவள் இருந்தது சென்னையில், சர்க்கார் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு பங்களாவின் மாடியறையில், காதில் ஹெட்போனோடு. தன் பேச்சை எழுதுகிற கை தங்கையுடையது என்று அவனுக்குத் தெரியாது. அந்தக் குரல் அண்ணனுடையது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அந்தக் கட்டடத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. நாற்பத்திரண்டாம் வருஷத்து ஜூன் மாதம் அது. அவன் குரல் வரத் தொடங்கிப் பதினோரு நாளாக இப்படித்தான் நடக்கிறது: காலை ஏழரைக்கு ஜப்பான்காரனின் தமிழ்ச் செய்தி, கால் மணி நேரம், எழுதி முடித்துத் தாளை டெலிபிரிண்டருக்குக் கொடுத்தால் வடக்கே தலைமை ஆபீசுக்குப் போய்விடும். எழுதுகிற விதி நாலே நாலு, சுவரில் ஒட்டியிருக்கிறது. கேட்டதை எழுது. நினைத்ததை எழுதாதே. இருமினால் இருமல் என்று எழுது. இரைச்சல் வந்து பேச்சை விழுங்கினால் விநாடிக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே போ, பேச்சு திரும்பியதும் பிடித்துக்கொள். கோடு போடுவதில் அவளுக்கு வெட்கம் கிடையாது, வேலைக்குச் சேர்ந்த இரண்டு மாதத்தில் ஆயிரம் கோடு போட்டிருப்பாள். “மிட்வே தீவுக்கு அருகே நடந்த இந்தப் பெரும் சமரில் நம் பக்கமும்” என்றான் அண்ணன். அதற்குள் வாணலியில் அப்பளம் போட்ட மாதிரி இரைந்தது. இரைந்துகொண்டே இருந்தது. அவள் பென்சில் நிற்கவில்லை. “என்று கடற்படைத் தலைமை தெரிவிக்கிறது. இனி பர்மா எல்லைச் செய்திகள்” என்று அவன் இரைச்சலிலிருந்து வெளியே வந்தபோது, அவளும் அதே வரியில், கை வலிக்காமல், ஒரு கோடுகூடப் போடாமல், அவனோடு சேர்ந்து வெளியே வந்திருந்தாள்.

தாள் போய்விட்டது. எட்டே முக்காலுக்கு அதே செய்தியை மறுபடி வாசிப்பார்கள், அதுவரை சும்மா இருக்கலாம், ஜன்னலைப் பார்க்கலாம். ஜன்னலில் ஒரு தென்னை மரமும் அடுத்த வீட்டு மொட்டைமாடியும். அந்த வீட்டில் ஆளில்லை. ஏப்ரலில் கொழும்பில் குண்டு விழுந்து, விசாகப்பட்டினத்தில் விழுந்து, அடுத்தது சென்னைதான் என்று பாதி ஊர் மூட்டை கட்டியபோது போனவர்கள். கொடியில் ஒரு சிவப்புத் துண்டை எடுக்க மறந்துவிட்டார்கள், அது இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. அப்போதே அம்மாவிடம் திருநெல்வேலிக்குப் போய்விடலாம் என்று அவள் ஒரு வாரம் வாதாடினாள், முதல் காரணம், இரண்டாம் காரணம், மூன்றாம் காரணம் என்று விரலை மடக்கி மடக்கி. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “காந்தி லெட்டர் போட்டா இந்த அட்ரசுக்குல்லா போடுவான்” என்றாள். அதற்கு மேல் வாதம் இல்லை. அண்ணன் பினாங்கில் வாத்தியார் வேலைக்குப் போய் மூன்று வருஷம். டிசம்பரில் ஜப்பான் விமானம் வந்தது, வெள்ளைக்காரன் தன் பெண்டு பிள்ளைகளை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலேற்றிக்கொண்டு கிளம்பினான், மற்ற ஜனத்துக்கு விடிந்த பிறகுதான் தெரிந்தது ஊரில் துரை இல்லை என்று. இதை நினைத்தால் அவளுக்கு இப்போதும் காது சூடாகிவிடும். ஊரை ஆளத் தெரிந்தவனுக்கு ஊரைக் கூட்டிக்கொண்டு போகத் தெரியாதா, பர்மாவிலிருந்து நடந்து வந்த நம் ஆட்களுக்கு ஒரு பாதை, அவனுக்கு ஒரு பாதை என்றார்களே, சாவதற்குக்கூடத் தனித்தனி வரிசையா, என்று அவள் காலேஜில் மேடையேறிக் கேட்டிருக்கிறாள். கேட்டவள்தான் இந்த நாற்காலியில், அதே வெள்ளைக்காரன் சம்பளத்தில். அண்ணனுக்குத் தெரிந்தால் சிரிப்பான். சிரிக்கட்டும். அவன் மட்டும் யாருடைய சோற்றைத் தின்கிறானாம்? நீ அந்தப் பக்கத்து எஜமானுக்கு வாய், நான் இந்தப் பக்கத்து எஜமானுக்குக் காது, ரெண்டு பேரில் யார் உசத்தி, சொல்லு பார்ப்போம். பதில் வராது. இந்த ஏற்பாட்டில் அதுதான் கஷ்டம். இவ்வளவு தூரத்திலிருந்து அவன் தினமும் அவள் காதுக்குள்ளேயே வந்து பேசுகிறான், அவள் ஒரு “ம்” கொட்ட வழியில்லை.

முதல் நாள் அவள் நம்பவில்லை. குரல் ஒத்துப்போவது உலகத்தில் இல்லாததா. இரண்டாம் நாள் அவன் ஒரு வாக்கியத்தின் நடுவில் மூச்சை நிறுத்திவைத்து, கேட்பவன் கழுத்தை நீட்டும்வரை காத்திருந்து, பிறகு வினைச்சொல்லைப் போட்டான், அப்போது தெரிந்தது. அந்தத் தந்திரத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன். வாதப்போட்டிக்குப் போகும் முன் வீட்டில் எதிர்க்கட்சியாக உட்கார்ந்து அவளைக் கிழித்துத் தொங்கவிடுவான், அழுதால் “ஏட்டி, அழுகை பாயிண்டே இல்ல, அடுத்ததச் சொல்லு” என்பான். அவனிடம் இன்னொன்றும் உண்டு, அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. தான் நம்புகிறதைப் பேசும்போது அவன் திக்குவான், சொல்லுக்குத் தடவுவான், “வந்து, வந்து” என்பான். சீட்டுக் குலுக்கலில் தான் நம்பாத கட்சி வந்துவிட்டால்தான் அவன் பேச்சு தண்ணீர் மாதிரி ஓடும், குரலில் ஒரு மெருகு ஏறும், நடுவர்கள் மயங்கிப் போவார்கள். இன்றைக்குக் காலையில் அந்தக் கப்பல் செய்தியை அவன் எவ்வளவு அழகாக வாசித்தான். பதினோரு நாளில் இவ்வளவு அழகாக ஒருநாளும் வாசிக்கவில்லை. அப்படியானால் ஜப்பான்காரன் அங்கே ஜெயிக்கவில்லை. லண்டன் ரேடியோ ஒரு கணக்குச் சொல்கிறது, இவர்கள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள், ரெண்டு பேரும் கப்பலை வாயாலேயே மூழ்கடிக்கிறார்கள், வடக்கே பெரிய பெரிய மேஜை போட்டு உட்கார்ந்துகொண்டு எது நிஜம் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இங்கே ஒருத்திக்கு மாடியறையில் உட்கார்ந்தபடியே விஷயம் தெரிந்துவிட்டது, ஆனால் எப்படித் தெரிந்தது என்று சொல்ல முடியாது. சொன்னால் முதலில் போலீஸ் வீட்டுக்கு வரும், எதிரிக்குக் குரல் கொடுக்கிறவன் வீடு என்று. சண்டை முடிந்தால் அவனுக்குக் கயிறு. அம்மாவிடம் சொல்லவும் முடியாது. சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் இங்கே கேட்டது எதையும் வெளியே சொல்வதில்லை என்று ஒரு சத்தியம் இருந்தது. சத்தியம்கூடப் பெரிதில்லை. அம்மாவுக்குச் சந்தோஷத்தை ஒளிக்கத் தெரியாது, சொன்ன பத்தாவது நிமிஷம் குழாயடிக்குத் தெரிந்துவிடும், சாயங்காலத்துக்குள் போலீசுக்கு.

அந்தச் சண்டையை அவளால் மனசில் நிறுத்திப் பார்க்க முடியவில்லை. பத்திரிகையில் போட்டிருந்தான், இந்தக் காலத்துக் கடற்சண்டையில் ஒரு பக்கத்துக் கப்பல் மறுபக்கத்துக் கப்பலைக் கண்ணால் பார்ப்பதே இல்லையாம். நூறு மைல், இருநூறு மைல் தள்ளி நிற்குமாம். விமானங்கள் மட்டும் கிளம்பிப் போய், தேடி, போட்டுவிட்டுத் திரும்பி வருமாம். இது என்ன சண்டை. முகத்தைப் பார்க்காமல் திட்டுவது கோழைத்தனம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களே, அந்தப் பாடம் துரைமார் பிள்ளைகளுக்கு இல்லையா. போகட்டும். திரும்பி வருகிற அந்த விமானக்காரன், இருபது வயசு, இருபத்தொன்று இருக்கும், எந்த நாட்டவனாக இருந்தால் என்ன, கிளம்பும்போது கீழே விட்டுவிட்டுப் போன கப்பல் திரும்பும்போது அந்த இடத்தில் இல்லை. புகைகூட இல்லை. கடல் வழித்துவிட்ட மாதிரி இருக்கிறது. இடம் தப்பிவிட்டோமோ என்று ஒரு சுற்று, சரியான இடம்தானே என்று இன்னொரு சுற்று. பெட்ரோல் முள் இறங்குகிறது. அவன் யாரைக் கூப்பிடுவான். கூப்பிட்டாலும் ஹெட்போன் மாட்டிக்கொண்டிருந்தவன்தான் கீழே போய்விட்டானே.  காலையில் அவள் சாப்பிடவில்லை. அம்மா இட்லியை டப்பாவில் போட்டுக்கொடுத்திருக்கிறாள், எடுக்கத் தோன்றவில்லை. ஹெட்போனின் ரப்பர் வேர்வையில் நனைந்து காதோடு ஒட்டியிருந்ததைப் பிய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் மாடிப்படியில் சவரிராயன் சாரின் செருப்புச் சத்தம் கேட்டது, ஒன்றுக்கு இரண்டு படியாக. ஐம்பத்தைந்து வயதுக்காரர், திருச்சிக் காலேஜில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவர், இந்தத் தமிழ்ப் பிரிவுக்குத் தலைவர். அவர் ஓடிவந்து அவள் பார்த்ததில்லை.

“என்னம்மா ஆவுடையம்மா, ஒரே நாள்ல டெல்லியை எழுப்பி உட்கார வெச்சுட்டியே” என்றார். கையில் டெலிபிரிண்டர் தாள், நாக்கு மாதிரி தொங்கியது. “எதிரி வாயாலேயே நஷ்டம் உண்டுன்னு ஒப்புக்கிட்டது இதுதான் முதல் தடவையாம். ஒன்பதரை மணித் தமிழ் ஒலிபரப்புல போடணும்னு துடிக்கிறான். ‘ஜப்பானின் தமிழ் அறிவிப்பாளரே ஒப்புக்கொண்டார்’, தலைப்புகூட எழுதிட்டான்.” அவள் “எதை சார்?” என்றாள். நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. அவர் வாசித்தார்: “‘நம் பக்கமும் நஷ்டம் உண்டு, அதை மறைத்துப் பேசுவது யோக்கியனுக்கு அழகில்லை.’ பிரமாதமான வாக்கியம்மா. எதிரியா இருந்தாலும் தமிழ் தெரிஞ்சவன். ஒரே ஒரு இடைஞ்சல். டெல்லியிலேயும் ஒரு ஆளு கேட்டு எழுதியிருக்கான், அவன் தாள்ல அந்த இடத்துல வெறும் கோடு. எட்டுக் கோடு. உன் செட்டு அவ்வளவு நல்ல செட்டா?” அவள் தன் நகலை எடுத்துப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்துதான். ஒரு தடுமாற்றம் இல்லை, அடித்தல் இல்லை, முற்றுப்புள்ளி முதற்கொண்டு இருந்தது. அவர் சொன்னார்: “கவலைப்படாதே. எட்டே முக்காலுக்கு இதையேதானே திருப்பி வாசிப்பான். நானும் ஒரு ஹெட்போன் போட்டுக்கிட்டு பக்கத்துல உட்கார்றேன். ரெண்டு சாட்சி ஆயிடும். டெல்லிக்காரன் ஒன்பதுக்கு போன்ல கேப்பான், ஆமான்னு சொல்லிடலாம்.” கடிகாரத்தில் எட்டு இருபது. நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுக் காப்பி சொல்லக் கீழே போனார்.

இருபத்தைந்து நிமிஷம். அவள் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள், இனி தப்பாக எதுவும் எழுதிவிடக் கூடாது என்பதுபோல. அந்த வாக்கியத்தை அவளுக்குத் தெரியும். தெரியும் என்ன, அதோடு வளர்ந்தவள். அவன் ஜெயித்த ஒவ்வொரு போட்டியிலும் கடைசி நிமிஷத்தில் எதிர்க்கட்சியைப் பார்த்துத் திரும்பி, லேசாகக் குனிந்து, “எங்கள் பக்கமும் ஓட்டை உண்டு, அதை மறைத்துப் பேசுவது யோக்கியனுக்கு அழகில்லை” என்பான். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். “எதிராளிக்கு ஒண்ணு விட்டுக்குடுக்கணும்ட்டி, அப்பந்தான் மத்ததெல்லாம் நம்புவானுவ” என்று ரிக்‌ஷாவில் வரும்போது சொல்வான். அவளுக்கு அது மட்டும் வரவே வராது. ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்காமல் தோற்பாள். சரி, இன்றைக்கு அவன் அதைச் சொன்னானா? “நம் பக்கமும்” வரை கேட்டது. அது நிச்சயம், டெல்லிக்காரனும் கேட்டிருக்கிறான். பிறகு இரைச்சல். இரைச்சலுக்கு அடியில் குரல் இருந்ததா, இருந்த மாதிரித்தான் இருக்கிறது, அந்த ஏற்ற இறக்கம், “யோக்கியனுக்கு” என்பதில் வருகிற அழுத்தம், அது காதில் இருக்கிறது, ஆனால் காதில் எப்போதிலிருந்து இருக்கிறது, இன்று காலையிலிருந்தா, மூன்று வருஷத்துக்கு முந்தியிலிருந்தா. யாராவது ஒரு வக்கீல் கூண்டில் ஏற்றி, கேட்டாயா என்றால் கேட்டேன் என்பாள், சத்தியமா என்றால் விழிப்பாள். மூன்றில் ஒன்று. ஜப்பான்காரன் எழுதிக்கொடுத்த தாளிலேயே அந்த வரி இருக்கலாம். இருந்தால் மறு ஒலிபரப்பிலும் வரும், அவனுக்கு ஆபத்தில்லை, அவளுக்கும் நல்ல பெயர், நாற்காலி தப்பும், நாளைக்கும் ஏழரைக்கு அவன் வருவான். இல்லாவிட்டால் தாளில் இல்லாததை அவனாகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறான், அல்லது அவன் சொல்லவே இல்லை, இவள் சேர்த்தாள். கடைசி இரண்டில் எதுவாக இருந்தாலும் ஒன்பதரைக்கு டெல்லி அதை ஊருக்கெல்லாம் சொல்லும். ஜப்பானின் அறிவிப்பாளரே ஒப்புக்கொண்டார். அங்கேயும் ஒரு மாடியறை இருக்கும், அங்கேயும் ஒருத்தி ஹெட்போன் மாட்டிக்கொண்டு எழுதுவாள். யார் அந்த அறிவிப்பாளர் என்று தேட வேண்டியதில்லை, தமிழுக்கு ஒரே ஆள். பினாங்கிலிருந்து தப்பி வந்தவர்கள் சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள், பாலத்துக் கைப்பிடிமேல் யார் யார் தலையை வெட்டி வைத்திருந்தார்கள் என்று. ஜப்பான்காரன் கோர்ட் கச்சேரி வைப்பதில்லை. வாதத்துக்கு இடமே கிடையாது.

இப்போதே சொல்லிவிடலாம். கீழே இறங்கிப் போய், சார், அது நான் எழுதியது, நினைத்ததை எழுதிவிட்டேன் என்றால் முடிந்தது. விதியில் இரண்டாவதாக இருப்பதே அதுதான், அதை மீறினவளுக்கு இங்கே வேலை இல்லை, நாளைக்கு ஏழரை மணிக்கு இந்த ஹெட்போனை வேறு யாரோ மாட்டுவார்கள். வீட்டில் ரேடியோ இல்லை. இருந்தாலும் அந்த நிலையத்தைக் கேட்டால் ஜெயில். அவன் குரல் அங்கே தினமும் கிளம்பும், கடலைத் தாண்டும், இந்தத் தென்னை மரத்தின்மேலேகூட வந்து போகும், அவளுக்கு இல்லை. அதனால் எழுந்திருக்கவில்லை. வரும், அந்த வரி வரும், அதிகாரிகள் எழுதிக்கொடுத்திருப்பார்கள், ஏன் எழுதக் கூடாது, ஒன்றை விட்டுக்கொடுத்தால் மற்றதை நம்புவார்கள் என்பது ஜப்பான்காரனுக்குத் தெரியாதா. முதல் காரணம் அது. இரண்டாம் காரணம் என்று விரலை மடக்கினாள், இரண்டாம் காரணம் அகப்படவில்லை. காப்பி வந்தது. சவரிராயன் சார் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, “கண்ணாடி போட்டா எனக்குக் காது கேக்காதும்மா” என்றார்.  அவள் புதுத் தாளை எடுத்துவைத்துப் பென்சிலைச் சீவினாள்.

எட்டே முக்கால். மேளம் ஒரு துண்டு, அடங்கியது. இரைச்சலே இல்லை, அடுத்த அறையில் நின்று பேசுகிற மாதிரித் துல்லியமாக இருந்தது. அப்படித் துல்லியமாக, அவளுக்குத் தெரியாத ஒரு ஆண்குரல் வணக்கம் சொன்னது. வயதான குரல், கொஞ்சம் மூக்கடைத்த குரல், தமிழைத் தாளிலிருந்து எழுத்துக்கூட்டி எடுப்பதுபோல. அவள் பென்சில் முனை தாளில் ஊன்றியபடி நின்றுவிட்டது. சார் பக்கத்தில் புருவத்தைத் தூக்கி, “ஆளை மாத்திட்டானே” என்று வாயசைத்தார். ஜலதோஷமாக இருக்கும் என்று நினைத்தாள். ஒரு மணி நேரத்தில் ஜலதோஷம் பிடிக்குமா. சாப்பிடப் போயிருப்பான். பதினோரு நாளும் இரண்டு தடவையும் அவன்தான் வாசித்தான், சாப்பாட்டுக்கு ஒருநாளும் போனதில்லை. கிழவர் ஒவ்வொரு கப்பலாக மூழ்கடித்துக்கொண்டு வந்தார், அவருக்கு அதில் ஒரு ருசியும் இல்லை, பலசரக்கு ஜாபிதா வாசிப்பதுபோல் வாசித்தார். “மிட்வே தீவுக்கு அருகே நடந்த இந்தப் பெரும் சமரில்” என்றார். சார் அவள் பக்கம் திரும்பினார். “நம் பக்கமும் எதிரிப் பக்கமும் இதுவரை காணாத வீரத்தை நமது விமானிகள் நிலைநாட்டினர் என்று கடற்படைத் தலைமை தெரிவிக்கிறது. இனி பர்மா எல்லைச் செய்திகள்.” அவ்வளவுதான். வாக்கியம் பொருந்தவில்லை, நடுவில் ஏதோ வெட்டித் தைத்த மாதிரி இருந்தது, அல்லது எழுதினவனுக்கே தமிழ் அவ்வளவுதானோ என்னவோ. அவள் அதையும் எழுதினாள். கை தானாக எழுதியது, இந்தத் தடவை கேட்டதை மட்டும்.

 செய்தி முடிந்ததும் சார் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “எனக்கு ஒண்ணு தோணுது, நீ சொல்லு” என்றார். “காலையில ஒருத்தன் தாள்ல இல்லாத உண்மையைச் சொல்லியிருக்கான். ஒரு மணி நேரத்துக்குள்ள அவனைத் தூக்கிட்டு இன்னொருத்தனைப் போட்டிருக்காங்க, அந்த வரியையும் காணோம். கூட்டிப் பார்த்தா சரியா வருது. டெல்லிக்கு இது இன்னும் பெரிய விருந்து. உன் காதை நான் நம்புறேன்மா. நீ கேட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, கையெழுத்தை நான் போடறேன்.” அவர் நல்ல மனுஷர். தன்னிடம் வேலை பார்க்கிறவள் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர். அவர் கூட்டிய கணக்கைத்தான் அவளும் கூட்டிக்கொண்டிருந்தாள், விடை அதேதான் வந்தது, ஆனால் அவளுக்கு அந்த விடையில் ஒரு கழுத்து இருந்தது. அவனைத் தூக்கியிருந்தால், எங்கே தூக்கியிருப்பார்கள். ஓர் அறையில் உட்காரவைத்து, ஏன் சொன்னாய் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவன் நம்புகிறதைச் சொன்னதால் “வந்து, வந்து” என்று திக்கிக்கொண்டிருப்பான். இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது என்று ஒருவேளை விட்டுவிடுவார்கள். ஒன்பதரைக்கு டெல்லி ஊதினால் விடமாட்டார்கள். அவன் சொல்லவே இல்லை என்றால், சொல்லாததற்காக அவனைத் தண்டிப்பார்கள். சொன்னான் என்றால், உலகத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவள், அதை அவளே இல்லையென்று சொல்ல வேண்டும். அவன் வாழ்நாளில் நம்பாத கட்சிக்குத் தண்ணீர்போலப் பேசினவன், ஒரே ஒரு தடவை மைக்குக்கு முன்னால் நிஜம் பேசினான் என்று ஒரு தாளில் இருக்கிறது, அந்தத் தாளைக் கிழிக்க வேண்டும்.

“கேக்கல சார்” என்றாள். “நல்லா யோசிச்சு சொல்லும்மா.” “யோசிச்சிட்டேன். எட்டு விநாடியும் இரைச்சல்தான். ஒரு எழுத்தும் கேக்கல. நானா எழுதினேன்.” அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். “ஏன்?”  “வாக்கியம் அப்படி முடிஞ்சா நல்லா இருக்கும்னு தோணிச்சு” என்றாள். “தோணிச்சா” என்றார் அவர். “ரெண்டு மாசமா என்கிட்ட ஒரு காற்புள்ளிக்கு அரை மணி நேரம் வாதாடுவியே. இன்னைக்கு ஒரு வாக்கியத்தையே இப்படி விட்டுக்குடுக்கிற. போராடவே மாட்டேங்கிறியே.” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கோடு கோடாக மேஜையின் மரம் தெரிந்தது. அவர் அவளுடைய காலைத் தாளில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் “கேட்பவரின் கற்பனை” என்று எழுதி, அவளிடம் நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். கீழே போன் மணி அடிக்க ஆரம்பித்தது. “டெல்லி” என்றார், எழுந்தார், கதவருகே நின்று, “இந்த மாசச் சம்பளத்துக்கு நான் எழுதிடறேன். அதுக்கு மேல என்னால ஆகாதும்மா. ஒருத்தி ஒரு தரம் நினைச்சதை எழுதிட்டா, அப்புறம் அவ எழுதற எதையும் நம்ப முடியாது” என்றார். சரிதான். அவள் தலைமை ஸ்தானத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள், இன்னும் கடுமையாக.

டிராமில் ஆளே இல்லை. கண்டக்டர், “ஆபீசு லீவாம்மா?” என்றான். எக்மோர் தாண்டும்போது யார் வீட்டு ரேடியோவிலோ ஒன்பதரை மணிச் செய்தி ஓடியது, டிராம் நகர்ந்ததில் பாதிதான் காதில் விழுந்தது, மிட்வே என்றான், அமெரிக்கக் கடற்படை என்றான், அறிவிப்பாளர் என்ற சொல் வரவில்லை. அவள் அடுத்த நிறுத்தம்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், வரவில்லை. அவனைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைக்கப் பார்த்தாள். எதிலிருந்து, எவ்வளவு நாளைக்கு, அவன் அங்கே இருக்கிறானா, எதுவும் தெரியாமல் காப்பாற்றியிருக்கிறாள். யாரிடமும் இதைச் சொல்லி, சரியா தப்பா என்று கேட்க முடியாது. கேட்கக்கூடிய ஒரே ஆள் அவன்தான். பதினோரு நாளும் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மா எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாளே, ஒவ்வொரு நாளும் வாய்வரை வந்ததே, அண்ணன் உயிரோடு இருக்கிறான் அம்மா, இன்றைக்குக் காலையில்தான் கேட்டேன் என்று. நேற்றுவரை அது உண்மை. சத்தியத்துக்கும் குழாயடிக்கும் பயந்து விழுங்கினாள். இன்றைக்கு வேலை போய்விட்டது, இனி எதற்குப் பயம், சொல்லிவிடலாம். ஆனால் இன்றைக்கு அது உண்மையாக இல்லை, வெறும் வாதமாகிவிட்டது. நிரூபிக்க வேண்டும். கையில் ஒன்றும் இல்லை.

அம்மா முற்றத்தில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரங்கூன் அரிசி நின்றுபோனதிலிருந்து வருகிற அரிசியில் பாதி கல். “என்னட்டி, இந்நேரத்துக்கே வந்துட்ட, மேலுக்கு முடியலியா?” என்றாள். ஆவுடை செருப்பைக் கழற்றிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். தானும் கல் பொறுக்கினாள். இரண்டு கல், மூன்று கல். பிறகு தலையைத் தூக்காமல், “அண்ணன் நல்லா இருக்கான்மா” என்றாள். அம்மாவின் விரல் நின்றது. “யாரு சொன்னா?” ஆவுடை ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டாள். “யாரும் சொல்லல. நானாத்தான் சொல்லுதேன்.” அம்மா கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. பிறகு சுளகை ஒரு தட்டுத் தட்டி அரிசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “அதத்தான் நானும் ஆறு மாசமா சொல்லிக்கிட்டுக் கெடக்கேன்” என்றாள். “நீ என்னட்டி புதுசா சொல்லுத.”